பென்னாகரத்து அடுப்பும் பிறர் கையிலுள்ள நெருப்பும்

ஒரு மக்களினம் உரிமையோடு வாழ்கின்றதா என்பதை அதன் கொடியை மட்டும் கண்டு முடிவு செய்தல் ஆகாது. அதன் அடுப்பையும் காணல் வேண்டும். விடியலில் உலையேற்றும் தாய், இன்று தன் அடுப்பு எரியுமா எரியாதா என்பதற்கு யாரை எதிர்பார்த்து நிற்கின்றாள்? இவ்வினாவிற்குத் தமிழ்நாட்டில் இன்று கிடைக்கும் விடை தலைநிமிர்த்துவதாக இல்லை. இந்திய நாட்டில் எரியும் உருளை வளியில் பாதிக்கு மேற்பட்டது கடல் கடந்து வருவது. அதன் விலையை அரபு நாட்டுத் துறைமுகங்களும் தில்லி அலுவலகங்களும் முடிவு செய்கின்றன. 2022-ஆம் ஆண்டில் வீட்டு உருளை ஒன்றின் விலை சென்னையில் ஆயிரம் உருபாவைக் கடந்தது. அன்று கூலியாளர் வீடுகளில் புகைந்தது விறகடுப்பு மட்டுமன்று, வயிறுந்தான்.

அதியமான் ஆண்ட தகடூர் நாட்டின் மேற்கே, ஒகேனக்கல் செல்லும் வழியில் இருப்பது பென்னாகரம். பெரும்பகுதி வானம் பார்த்த நிலம். கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும் மரவள்ளியும் புளியுமே அதன் விளைவுகள். மழை பொய்த்தால் இளைஞர் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போய்விடுவர். முதியோரும் பெண்டிரும் குழந்தைகளும் ஊரில் எஞ்சுவர். அரசு தந்த அடுப்பும் உருளையும் அவ்வீடுகளிற் பலவற்றில் உள்ளன. ஆயினும் தீர்ந்த உருளையை மாற்றக் கையில் காசு இல்லாத நாள்களில் காட்டுச் சுள்ளியே கைகொடுக்கின்றது. தலைச்சுமையாய் விறகு கொணரும் பெண் காட்டில் வனக் காவலர்க்கு அஞ்சுகின்றாள். வீட்டிற் புகைக்கு அஞ்சுகின்றாள். வீட்டடுப்புப் புகையால் உலகெங்கும் 2020-இல் மட்டும் ஏறத்தாழ 32 இலக்கம் மாந்தர் மடிந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. அக்கணக்கில் பெயரின்றிப் புதைந்தவர் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்டிரும் குழந்தைகளுமே.

இத்துணை இடர்ப்பாட்டிற்கும் மருந்து அவ்வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கின்றது. சாணத்தை வறட்டியாகத் தட்டி எரித்தால் எரு புகையாய்ப் போகும். எருக்குழியில் கொட்டினால் எரிபொருள் வீணே போகும். காற்றுப் புகாத கலத்திலிட்டு மூடினால் எரிபொருளும் கிடைக்கும், எருவும் எஞ்சும். இவ்வெளிய உண்மை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஏன் வேரூன்றவில்லை என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கொள்ளிவாய்ப் பேயும் கொள்ளிவளியும்

இரவில் சதுப்பு நிலத்தில் நெருப்பு எழுந்தெழுந்து அணைவதைக் கண்ட முன்னோர் அதனைக் கொள்ளிவாய்ப் பேய் என்றனர். அழுகிய இலைதழைகள் நீருக்கடியில் உயிர்வளி இல்லாத இடத்தில் நுண்ணுயிர்களால் செரிக்கப்படுங்கால் பிறக்கும் வளியே அது. அறிவியலார் அதனை மீத்தேன் என்பர்; கொள்ளிவளி என்று தமிழில் வழங்குதல் எவ்வகையானும் பொருந்தும். இத்தாலி நாட்டு வோல்ட்டா 1776-இல் ஏரிச் சேற்றினின்று இவ்வளியைப் பிடித்து எரித்து ஆய்ந்தார். 1890-களில் இங்கிலாந்தின் எக்சீட்டர் நகரில் கழிவுநீர்த் தொட்டியின் வளிகொண்டு தெருவிளக்கு ஏற்றினர். மும்பை மாதுங்காவிலிருந்த தொழுநோயர் இல்லத்தில் 1897-இல் இத்தகைய கலம் அமைந்தது. 1939-இல் எசு. வி. தேசாய் என்பார் தில்லியில் சாணத்தைக்கொண்டு ஆய்வு நடத்தினார். குசராத்தியரான சசுபாய் படேல் மிதக்கும் இரும்புக் கவிகலம் உடைய அமைப்பை உருவாக்கினார். கதர்த் தொழில் ஆணையம் 1962 முதல் அதனைப் பரப்பிற்று.

கலத்தின் இயக்கம் மிக எளிது. சாணத்தையும் அதே அளவு நீரையும் கரைத்து ஒரு வாயில் ஊற்றுவர். உள்ளே ஏறத்தாழ 40 நாள் அது செரிக்கும். மேலே திரளும் வளியில் ஐந்தில் மூன்று பங்கு கொள்ளிவளி. எஞ்சியதில் பெரும்பாலானது கரிவளி. மறுவாயில் வழியே வெளிவருவது எருக்கூழ். தழையூட்டம் அதில் குன்றுவதில்லை. நாற்றமும் ஈயும் குறைகின்றன. உழுவதைக் காட்டிலும் நிலத்துக்கு எருவிடுதலை மேலாக வைத்து எண்ணிய வள்ளுவரின் வழிவந்த உழவர்க்கு இதன் அருமையை எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

பெயரே தடையாயிற்று

இத்துணை எளியதும் இனியதுமான கருவி தமிழ்ச் சிற்றூருக்குள் எப்பெயரோடு வந்தது? 'கோபர் கேசு' என்று வந்தது. 'கோபர்' இந்திச் சொல். 'கேசு' ஆங்கிலச் சொல். நாள்தோறும் வாசல் தெளித்தும் தரை மெழுகியும் சாணத்தைக் கையாளும் தமிழ்ப் பெண்ணுக்கு, அச்சாணத்தினின்று பிறக்கும் ஒன்றை இரண்டு அயற்சொற்களால் அறிவித்தனர்! தன் கையிலிருந்த பொருளே தனக்கு அயற்பொருளாய்த் திரும்பி வந்ததைக் கண்டு அவள் விலகி நின்றதில் வியப்பென்ன?

பின்வந்தவையும் அவ்வழியே வந்தன. செங்கல்லாலும் பைஞ்சுதையாலும் கட்டிய நிலைமோட்டுக் கலம் 1978-இல் 'சனதா' என்னும் பெயரோடு வந்தது. அதனினும் செலவு குறைந்த கலம் 1984-இல் 'தீனபந்து' எனும் பெயரோடு வந்தது. ஏழையின் நண்பன் என்பது அப்பெயரின் பொருள். எந்த ஏழைக்கு நண்பனோ அந்த ஏழைக்கே விளங்காத நட்பு அது! 2016-இல் வந்த உருளைத் திட்டம் 'உச்சுவலா'. 2018-இல் வந்த கழிவு எரிவளித் திட்டமோ ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டி இந்திச் சொல் போல ஒலிக்கக் கட்டிய 'கோபர்தன்'.

குசராத்தியரும் வடவரும் தாம் கண்ட கருவிக்குத் தம் மொழியிற் பெயரிட்டது குற்றமன்று. அது அவர்தம் உரிமை. அறிவு எந்நாட்டதாயினும் கொள்ளத்தக்கதே. அக்கருவியைத் தமிழ்நாட்டிற்குக் கொணர்ந்தோர், பெயரைத் தமிழாக்கும் சிற்றளவு உழைப்பையும் மேற்கொள்ளாமையே குற்றம்.

பெயரில் என்ன உள்ளது, அடுப்பு எரிந்தாற் போதாதா என்று கேட்போர் உளர். பெயரறியாக் கருவி ஊரில் நெடுநாள் எரியாது என்பதே அவர்க்கு விடை. பெயர் விளங்காத இடத்தில் செயல்முறையும் விளங்குவதில்லை. கொல்லிமருந்து கலந்த கழுவுநீரை ஊற்றினால் உள்ளிருக்கும் நுண்ணுயிர் மடியும் என்பதை ஊரார்க்கு அவர் மொழியில் சொன்னவர் சிலரே. கட்டிய நாளிலேயே வளி வராது, பொறுத்திருத்தல் வேண்டும் என்பதும் பலர்க்குத் தெரியாது. இரும்புக் கவிகலம் துருவேறி ஓட்டையானால் அடைக்க உள்ளூர்க் கொல்லர் பழக்கப்படவில்லை. எத்துணைக் கலம் கட்டப்பட்டது என்று எண்ணிய அலுவலர், எத்துணைக் கலம் எரிகின்றது என்று எண்ணவில்லை. 1981-82-இல் நடுவணரசு நாடளாவிய எரிவளித் திட்டம் தொடங்கிய பின்னர்க் கட்டப்பட்டவற்றுள் செயலிழந்தவை பல. அவை விறகு அடுக்கும் குழிகளாயின. கலம் போயிற்று, 'கோபர் கேசு' என்னும் பெயர் மட்டும் நாவில் எஞ்சிற்று.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் தமிழ்நாட்டிலேயே உள்ளது. கழிவைப் பிரித்துத் தருக என்று அறிவிக்குங்கால் 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்னும் தமிழ்ச் சொற்களை ஆண்டனர். பள்ளிச் சிறாரும் பாட்டியரும் ஒருசேர அவற்றைப் பற்றிக்கொண்டனர். மக்குதல் என்பது எருக்குழியில் பிறந்த சொல். குப்பை என்பதோ இழிந்த பொருளுடையதன்று. குவிக்கப்பட்டது என்பதே அதன் பொருள். நெற்குவியலையும் குப்பை என்பது பழைய வழக்கு. வயலுக்கு எரு ஏற்றிச் செல்வதைக் 'குப்பை அடித்தல்' என்பது இன்றும் உழவர் வழக்கு. உலக வழக்குச் சொற்களைக் கருவூலமாகப் போற்றிய பாவாணரின் நெறி அறிஞர் அவைக்கு மட்டும் உரியதன்று, அடுப்படிக்கும் உரியது.

ஏழை வீட்டுக் கணக்கு

பெயர் தமிழானால் மட்டும் வளி பிறந்துவிடாது. கணக்கையும் காணல் வேண்டும். ஐவர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கன மீட்டர் எரிவளி வேண்டும். அது ஏறத்தாழ 3½ கிலோ விறகின் வேலையைச் செய்யும். அதனைப் பெற 25 கிலோ சாணம் தேவை. ஒரு மாடு நாளொன்றுக்கு இடும் சாணம் ஏறத்தாழ 10 கிலோ. எனவே இரண்டு மூன்று மாடுள்ள வீட்டிற்கே தனிக்கலம் பொருந்தும். பென்னாகரத்துக் காட்டோரங்களுக்கு உரிய ஆலம்பாடி மாட்டினமே இன்று அருகிவிட்டது. மாடற்ற கூலியாளர் வீடுகளோ மிகப் பல.

வீட்டுக் கழிவைக்கொண்டு இக்குறையை நிரப்பலாம் என்பது புதிய வழி. சோறும் காய்கறித் தோலும் சாணத்தைக் காட்டிலும் கிலோவிற்கு மிகுதியான வளியைத் தரும். மாடு ஏற்கெனவே செரித்துக் கழித்த மிச்சமே சாணம் ஆதலின் இவ்வேறுபாடு. ஆயினும் ஒரு கிலோ ஈரக் கழிவினின்று கிடைப்பது கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஓர் அடுப்பு கால்மணி நேரம் எரியும். அன்றியும், ஏழை வீட்டில் கழிவென்று எறியப்படுவது யாது? அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் காய்த்தோலும் கழுநீர்ப் பானையிற் சேர்ந்து மாட்டிற்கோ ஆட்டிற்கோ போகின்றன. ஏழைக்குக் கழிவு குறைவு. செல்வர் வீட்டிலும் உணவு விடுதியிலும் திருமண மண்டபத்திலுமே கழிவு மிகுதி.

ஆகவே தனித்தனி வீட்டிற்குக் கலம் தந்து படம் எடுத்துக்கொண்டு போவது தீர்வாகாது. ஒரு மாடுள்ள வீடும் மாடில்லா வீடுகள் இரண்டும் கூடினால் ஒரு கலம் ஓரளவேனும் எரியும். ஊர்ச் சந்தையின் கழிவும் பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் மிச்சமும் மாணவர் விடுதியின் எச்சமும் ஒன்றுகூடினால் அவ்வடுப்புகளே எரியும். ஒகேனக்கலில் வருவோர் வாங்கித் தரும் மீனைச் சமைத்துக் கொடுத்துப் பிழைக்கும் பெண்டிர் பலர் உள்ளனர். மீன்கழிவும் சோற்றெச்சமும் அவ்விடத்திலேயே விளைகின்றன. அடுப்பும் அவ்விடத்திலேயே எரிகின்றது. கழிவைச் சாணத்தோடு அளவறிந்து கலந்து கலத்திலிட்டால் காவிரிக்கும் நன்மை, அப்பெண்டிர்க்கும் நன்மை.

பிறர் செய்து காட்டியவை

இது வெறுங் கனவன்று. புனேயில் ஆனந்த் கார்வே தொடங்கிய ஊரகத் தொழில்நுட்ப நிறுவனம், இரண்டு நெகிழித் தண்ணீர்த் தொட்டிகளை ஒன்றனுள் ஒன்று கவிழ்த்து, மாப்பொருள் மிக்க வீட்டுக் கழிவிற்கான சிறுகலத்தை ஆக்கிற்று. 2006-இல் இங்கிலாந்தின் ஆசுடன் பரிசு அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டே அப்பரிசு, வீட்டுக் கழிவையும் சந்தைக் கழிவையும் எரிவளியாக்கிய திருவனந்தபுரத்துப் 'பயோடெக்கு' நிறுவனத்தைச் சேர்ந்தது. சேலம், நாமக்கல் பகுதிச் சவ்வரிசி ஆலைகள் பல, முன்பு ஓடைகளை நாறடித்த தம் கழிவுநீரினின்றே எரிவளி எடுக்கின்றன. மரவள்ளி விளையும் பென்னாகரத்தார்க்கு இது தொலைவான செய்தியன்று.

இவற்றினும் கூர்ந்து கற்கத்தக்கது கருநாடகத்துத் தும்கூர் மாவட்டத்துப் புரா என்னும் சிற்றூர்ச் செய்தி. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் அமுல்ய ரெட்டியும் குழுவினரும் அவ்வூரில் சமையலுக்கான பொதுக்கலம் அமைத்தனர். சாணம் சமையலுக்குப் போதவில்லை, முயற்சி நின்றது. அதன் பின்னரே ஊரார்க்கு முதலில் வேண்டுவது குடிநீர் என்பது உணரப்பட்டது. 1987 முதல் அதே கலத்தின் வளி பொறியை இயக்கி நீர் இறைத்தது. வீடுகளுக்கு விளக்கும் ஏற்றிற்று. சாணம் தந்தவர்க்குச் செரித்த எரு திரும்பக் கிடைத்தது. வல்லுநர் கொணர்ந்த திட்டம் வீழ்ந்தது. ஊரார் கேட்ட திட்டம் நின்றது. ஊராரிடம் கேட்பதற்கு ஊரார் மொழி வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பென்னாகரம் போன்றே வறண்ட பாகேபள்ளிப் பகுதியில் ஏழை உழவரும் கூலியாளரும் தாமே கட்டிய சங்கம், 5,500 வீட்டுக் கலங்கள் அமைக்கும் திட்டத்தை 2005-இல் ஐக்கிய நாடுகளின் தூய்மை வளர்ச்சி முறையிற் பதிவு செய்தது. விறகு எரியாமையால் குறையும் கரிப்புகைக்கு ஈடாக மேலைநாட்டாரிடம் பணம் பெற்றுக் கலம் கட்டினர். அமைப்பாய்த் திரண்ட ஏழைகள் கையேந்த வேண்டுவதில்லை.

அள்ளுபவர் யார்?

பொதுக்கலம் என்றவுடன் தமிழ்நாட்டில் எழும் வினா ஒன்றுண்டு. அதை மறைப்பதிற் பயனில்லை. கழிவை எவர் அள்ளுவது? எவர் வீட்டுச் சாணம் எவர் அடுப்பில் எரிவது? ஊரும் சேரியும் ஒரே கலத்தினின்று வளி பெறுமா? வேதியலில் சாதி இல்லை. கலத்துள் நுழைந்த சாணம் எவர் தொழுவத்தது என்று நுண்ணுயிர் வினவுவதில்லை. மாந்தரே வினவுகின்றனர். கழிவை ஒரு பிரிவினர் போடவும் மற்றொரு பிரிவினர் அள்ளவும் வகுத்த கொடுமை உள்ளவரை, பொதுக்கலம் பொதுவாகாது.

எனவே இது எரிபொருட் சிக்கல் மட்டுமன்று. தமிழர் ஒற்றுமையின் உரைகல்லுமாகும். தமிழ் பேசுவோர் அனைவரும் ஓரினம் என்று மேடையில் முழங்குவோர், ஒரே கலத்தில் சாணம் கரைக்கவும் முறைவைத்துக் கழிவு அள்ளவும் முன்வருதல் வேண்டும். வடசொல்லைக் களையும் கை, சாதியழுக்கையும் களையாவிடின் அது பாதித் தூய்மையே.

ஒரே வளி, இரு வழி

பென்னாகரத்து மேற்கெல்லையில் தமிழ்நிலத்துள் இறங்கும் காவிரி கீழ்த்திசையில் சோழநாட்டை ஊட்டிக் கடல் சேர்கின்றது. அச்சோழநாட்டு மன்னார்குடிப் பகுதியில், நிலத்தடி நிலக்கரிப் படுகையினின்று மீத்தேன் எடுக்க 2010-இல் ஒரு நிறுவனத்திற்கு உரிமம் தரப்பட்டது. ஆழ்துளையிட்டு நிலத்தடி நீரை வெளியேற்றி எடுக்கும் முறை அது. உழவர் கொதித்தெழுந்தனர். நம்மாழ்வார் ஊர் ஊராய் நடந்து அதனை எதிர்த்தார். அப்பணியில் இருக்கும்போதே 2013 திசம்பர் 30-இல் உயிர்நீத்தார். 2015-இல் தமிழ்நாட்டரசு அத்திட்டத்தைத் தடை செய்தது. 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது.

நெல்வயலைக் குடைந்து எடுக்கவிருந்ததும் கொள்ளிவளியே. கொல்லைச் சாணத்தினின்று எழுவதும் கொள்ளிவளியே. முன்னது வயலை அழித்து முதலாளியின் குழாய்க்குப் போவது. பின்னது வயலுக்கு எருவைத் தந்து தாயின் அடுப்பிற்கு வருவது. மீத்தேன் வேண்டா என்று சோழநாட்டில் முழங்கியோர்க்கு, இவ்வகை மீத்தேன் வேண்டும் என்று தகடூர் நாட்டிற் செய்து காட்டும் கடமையும் உண்டு. மறுப்பு மட்டும் அடுப்பை எரிக்காது.

செய்யத்தக்கன

முதலாவது, எரிவளி, செரிகலம், எருக்கூழ் போன்ற எளிய தமிழ்ச் சொற்களால் இத்திட்டம் வழங்கப்படல் வேண்டும். கையேடும் அறிவிப்பும் விண்ணப்பமும் அச்சொற்களாலேயே அமைதல் வேண்டும்.

இரண்டாவது, ஊராட்சி ஒவ்வொன்றிலும் உள்ளூர் இளைஞர் ஒருவர்க்கும் பெண் ஒருவர்க்கும் கலம் கட்டவும் பழுது நீக்கவும் பயிற்சி தரப்படல் வேண்டும். பிழைப்புத் தேடிப் பெங்களூரில் பிறர் மாளிகைக்குச் செங்கல் அடுக்கும் பென்னாகரத்துக் கைகள் தம் ஊரில் ஒரு குவிமோடு கட்ட அறியாதன அல்ல.

மூன்றாவது, அரசின் உதவித்தொகை முழுவதையும் கட்டிய நாளிலேயே தந்துவிடாமல், ஒரு பகுதியை ஓராண்டு எரிந்த பின்னர்த் தரல் வேண்டும். கட்டிய கலத்தை எண்ணும் வழக்கம் அப்போதுதான் ஒழியும்.

நான்காவது, சத்துணவுக் கூடம், மாணவர் விடுதி, சந்தை, ஒகேனக்கல் மீன் அடுப்புகள் ஆகிய கழிவு மிக்க இடங்களில் முதற்கலங்கள் எழுதல் வேண்டும். வீட்டுக்கலங்கள் இரண்டு மூன்று வீடுகள் கூடிய அமைப்பாய்ப் பின்தொடரட்டும்.

ஐந்தாவது, நீர். பென்னாகரப் பகுதியின் நிலத்தடி நீர் பல இடங்களில் புளூரைடு மிக்கது. எலும்பையும் பல்லையும் கெடுத்த அக்கேட்டினைத் தணிக்கவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயலுக்கு வந்தது. அவ்வரிய குடிநீரைச் சாணம் கரைக்கச் செலவிடல் ஆகாது. தொழுவம் கழுவிய நீரும், சவர்க்காரம் கலவாத பாத்திரம் கழுவிய நீருமே அதற்குப் போதும்.

இவை ஐந்தும் கோடிகள் வேண்டுவன அல்ல. தில்லியின் ஒப்புதல் வேண்டுவனவும் அல்ல. ஒரு சிற்றூரில் பத்து இளைஞர் உறுதிகொண்டால் தொடங்கத்தக்கவை. தமிழ்ப் பெயர்ப்பலகை எழுதுவதிலும் தமிழில் கையொப்பமிடுவதிலும் முன்னின்ற தமிழுணர்வாளர், இனி ஊர்க் கொல்லையிலும் இறங்குதல் வேண்டும். கோவிலிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் தமிழ் வேண்டும் என்று கேட்பது முறையே. அடுப்பிலும் தமிழ் எரிதல் வேண்டும் என்பது அதனினும் அடிப்படையானது. தன் குப்பையைத் தன் நெருப்பாக்கத் தெரிந்த ஊர் எவன் விலையேற்றத்திற்கும் அஞ்சாது. பென்னாகரத்தில் அந்நெருப்பு முதலில் மூளட்டும்!